பொன்னரசு செய்த எண்ணொலி மாற்றி

“எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. சாவி மீட்டர் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறனுங்க.”

வான்மதி கைப்பேசியில் விட்டுப் போயிருந்த செய்தி இவ்வளவுதான். பொன்னரசு அதை நின்றுகொண்டு கேட்டான், உட்கார்ந்து கேட்டான், தட்டைக் கழுவிக்கொண்டும் கேட்டான். எப்படிக் கேட்டாலும் மனைவியின் குரலில் தேன் ஒழுகியது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஒழுகாமல் என்ன செய்யும்? சரக்கு சுமக்கும் இயந்திரப் பறவைகள் கோயம்புத்தூர்க் கூரைகளுக்கு மேல் ஓயாமல் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊரில் அத்தனை பேர் காதிலும் செவிச்சிமிழ். அந்த இரைச்சலில் அது இல்லாமல் ஒரு பொழுதைக்கூட ஓட்ட முடியாது. சுண்டைக்காய் அளவுச் சிமிழை மருத்துவரே காதுக்குழிக்குள் பொருத்திவிடுவார். வெளிச்சத்தம் முழுவதையும் அது அடைத்துவிடும். யாராவது பேசினால் அந்தக் குரலை மட்டும் பிடித்து எண்களாக்கும். பிறகு எண்களைத் திரும்ப ஒலியாக்கி உள்ளே அனுப்பும். இந்தக் கடைசி வேலையைச் செய்வதற்குப் பெயர் எண்ணொலி மாற்றி. கட்டிய மனைவி கைக்கெட்டும் தூரத்தில் நின்று பேசினாலும் எண்ணாகிப் போய்த்தான் வந்துசேர வேண்டும்.

அத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மாற்றி செய்கிறவர்கள் அதற்குள் ஒரு சல்லடையையும் வைத்தார்கள். சொற்களை அது தொடாது; சொற்களில் இருக்கும் காரத்தை மட்டும் எடுத்துவிடும். கத்தல், சிடுசிடுப்பு, குத்தல், அழுகை எல்லாம் ஒரே இதமான குரலாக வந்து விழும். வீடுகளில் சண்டை குறைந்தது, பேருந்துகளில் கைகலப்பு குறைந்தது என்று கணக்குக் காட்டினார்கள். அரசாங்கம் குளிர்ந்துபோய், சல்லடை இல்லாத மாற்றியை விற்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அப்புறம் கோபத்தை வாய்விட்டு அறிவித்தால்தான் உண்டு. “கோவமாச் சொல்றனுங்க, அந்தக் குப்பையை எடுங்க” என்பார்கள். கொஞ்ச நாளில் விளையாட்டுக்கும் அப்படியே சொல்லிச் சொல்லி, அந்த அறிவிப்புக்கும் மதிப்பில்லாமல் போயிற்று.

ஆகவே வான்மதி கோபித்துக்கொண்டு போனாளா, சும்மா போனாளா என்பது பொன்னரசுக்குத் தெரியவில்லை. அதற்கு முதல் நாள் மாலை அவள் ஏதோ கேட்டாள். அவன் சமையல் எரிவாயுக் குழாயின் அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தான். பம்ப் மோட்டார் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். வீட்டிலும் எதையாவது அளக்காவிட்டால் கை நமநமக்கும். அவள் கேட்டதில் “நாளைக்கு” என்பதும் “போலாங்களா” என்பதும் மட்டும் காதில் விழுந்தன. “போறதுன்னாப் போ” என்று முள்ளைப் பார்த்தபடியே சொன்னான். மறுநாள் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது.

பொன்னரசு செவிச்சிமிழ் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தான். சல்லடையை ஒரே ஒரு செய்திக்கு மட்டும் நீக்கித் தர முடியுமா என்று கேட்டான். விதிமுறையில் இடமில்லை என்றார்கள். கெஞ்சினான். அதே பதில். கடைசியில் கத்தினான்.

“இங்க பாருங்க, நான் ரொம்ப எரிச்சல்ல இருக்கறனுங்க!”

“தங்கள் குரலில் அப்படி எதுவும் தெரியவில்லை ஐயா. தங்கள் பொறுமைக்கு நன்றி.”

அடுத்த வீட்டு பிரிசில்லா டீச்சரிடம் போய்ப் புலம்பினான். மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

“அவங்கம்மா இருக்கற தாராபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டா முடிஞ்சுது. இதுல என்ன யோசனை?”

“போய் எந்த மூஞ்சியோட நிக்கறதுங்க டீச்சர்? அவ கோவமாப் போயிருந்து, நான் இளிச்சிக்கிட்டுப் போனா இன்னும் கெட்டுப்போயிரும். அவ சும்மா போயிருந்து, நான் போய்க் கால்ல உளுந்தா காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. ஒரு போனாவது போடுங்க.”

“போன்லயும் இதே தேனுதானுங்களே ஒழுகும். மொதல்ல என்னன்னு தெரிஞ்சுக்கோணும். தெரிஞ்சுட்டுத்தான் பேசோணும்.”

இப்படிப்பட்ட மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

பொன்னரசு சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் சரி. கைப்பேசியில் கிடக்கும் எண்களில் வான்மதியின் குரல் முழுசாக, காரத்தோடு, அப்படியே இருந்தது. கெடுப்பது மாற்றிக்குள் இருக்கும் சல்லடைதான். சல்லடை இல்லாத மாற்றியை விற்கத்தான் தடை. வீட்டில் உட்கார்ந்து ஒருவன் செய்வான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போய் ஒரு பை நிறைய மின்தடைகளை வாங்கி வந்தான். அரிசி நீளத்தில் வண்ணக்கோடு போட்டிருக்குமே, அவைதான். ஒரு மதிப்பும் அதன் இரட்டிப்பும் மாறி மாறி வரும்படி ஓர் ஏணி கட்ட வேண்டும். பதினாறு படிகள். ஒவ்வொரு எண்ணும் பதினாறு கம்பிகளின் வழியாக ஏணிக்குள் நுழைந்து, தன் அளவுக்கு ஏற்ற மின்னழுத்தமாக மறுமுனையில் வெளியே வரும். அந்த அழுத்தம் ஏறி இறங்குவதுதான் குரல். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. படிகள் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகினாலும் குரலில் கரகரப்பு வந்துவிடும் என்பதால், பொன்னரசு பையில் இருந்த ஒவ்வொன்றையும் அளந்தான். சரியானவை ஒரு கிண்ணத்தில், மற்றவை குப்பையில். குப்பைதான் நிறைந்தது.

ஒரு வாரம் அளப்பதிலேயே போயிற்று.

காதுக்குழியைச் சிமிழ் அடைத்திருக்கிறதே, ஒலியை எப்படி உள்ளே அனுப்புவது? அதற்கும் வழி கண்டுபிடித்தான். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஓர் அதிர்வுத் தகட்டை அழுத்தி வைத்தால் போதும், எலும்பே ஒலியை உள்ளே கொண்டுபோய்விடும். பழைய ஒலிபெருக்கி ஒன்றை உடைத்துத் தகடு செய்தான். எல்லாவற்றையும் பற்றவைத்து, தகட்டை ஒரு ரப்பர் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு செய்தியை ஓடவிட்டான். கிரைண்டர் ஓடுவது போல உறுமல் மட்டும் கேட்டது. மின்சாரக் கம்பியின் இரைச்சல் உள்ளே கலந்திருந்தது. அதைச் சரிசெய்ய நான்கு நாள். மறுபடி ஓடவிட்டால் மணலை வறுக்கிற சத்தம். ஏணியின் மேல் படிக்குப் போக வேண்டிய கம்பியைக் கீழ்ப்படியிலும், கீழ்ப்படிக்குரியதை மேலேயும் கொடுத்திருந்தான். பதினாறையும் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தான். கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டான். மாற்றியைத் திட்டினான், உக்கடத்தைத் திட்டினான், நிறுவனத்தைத் திட்டினான். வான்மதிக்கு ஒரு போன் மட்டும் போடவில்லை. அவளும் போடவில்லை. போடாததை வைத்து, “கோவமாத்தான் இருக்கோணும்” என்று ஒரு நாளும், “அங்க நல்லாப் பொழுது போகுதாட்ட இருக்குது” என்று மறுநாளும் முடிவு செய்தான்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னரசின் தலைக்குள் ஒரு பெண் பேசினாள்.

“எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. சாவி மீட்டர் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறனுங்க.”

அவன் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாருடைய குரல் இது? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இந்தக் குரலை அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தொண்டை கரகரவென்று இருந்தது. ‘போறனுங்க’ என்பதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம், மூச்சை இழுத்துப் பிடிக்கிற மாதிரி. எல்லாம் இருந்தது, ஒரு துளிகூட வடிகட்டப்படாமல்.

ஆனால் அது என்ன? கோபமா? அழுகையா? அலுப்பா? மறுபடி போட்டான். கோபம் போல இருந்தது. மறுபடி போட்டான். அழுகை என்று தோன்றியது. ஓடிப் போய் டீச்சரைக் கூட்டிவந்து அவர் தலையில் பட்டையைக் கட்டினான்.

“தூக்கக் கலக்கத்துல பேசுன மாதிரி இருக்கு” என்றார் டீச்சர். இன்னொரு முறை கேட்டுவிட்டு, “இல்ல, பயந்த மாதிரி” என்றார். மூன்றாவது முறை கேட்டதும், “தெரியல பொன்னரசு. எனக்கு இதெல்லாம் மறந்தே போச்சு” என்று பட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

பொன்னரசு கைப்பேசியில் கிடந்த மற்ற செய்திகளையும் போட்டுப் பார்த்தான். பால்காரர், மேலாளர், சொந்தத் தம்பி. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதமாக ஏறி இறங்கியது. எது எந்த உணர்ச்சி என்று ஒன்றுக்கும் அவனால் பெயர் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் மாடாக உழைத்துச் செய்த மாற்றி மிகத் துல்லியமாக வேலை செய்தது. கேட்கத் தெரிந்த ஆள்தான் வீட்டில் இல்லை.

வேறு வழியே இல்லாமல் போனபிறகு, டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து முறைக்க, வான்மதியை அழைத்தான். கைப்பேசியை மாற்றியோடு இணைத்துத் தகட்டை எலும்பில் அழுத்திக்கொண்டான்.

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுங்களா?” என்றாள் வான்மதி.

“ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அன்னிக்கு நீ கோவமாப் போனியா, சும்மா போனியா?”

“அதைக் கேக்க மூணு வாரமாச்சுங்களா?”

“கொரலு கரகரன்னு இருந்துச்சே. போறங்கறதுக்கு முந்தி நிறுத்துனியே, அது எதுக்கு?”

“சளி புடிச்சிருந்துச்சு. தும்மல் வந்துச்சு, அடக்குனேன்.”

பொன்னரசு தகட்டை எலும்பில் இன்னும் இறுக்கி அழுத்தினான்.

“அதுக்கு மொத நாளு நான் என்ன கேட்டேன்னாச்சும் தெரியுங்களா?” என்று வான்மதி தொடர்ந்தாள். “அண்ணன் பையனுக்குக் காதுகுத்து, நாளைக்கு ரெண்டு பேரும் போலாங்களான்னு கேட்டேன். போறதுன்னாப் போன்னீங்க. சரி, வேலை இருக்குமாட்ட இருக்குதுன்னு நான் மட்டும் கெளம்புனேன். ரெண்டு நாள்ல வந்துருப்பேன். விசேசத்துக்கு வந்த அத்தன சனமும் மாப்ள எங்க, மாப்ள எங்கன்னு கேட்டுச்சு. நீங்க வரல. ஒரு போன் இல்ல. செத்தாளா இருக்காளான்னு கேக்கல. அப்பறந்தானுங்க எனக்குக் கோவமே வந்துச்சு.”

காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டது போல அந்தக் குரல் வெடித்தது. கோபம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பொன்னரசுக்கு அப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது.

“உனக்காகத்தான் வான்மதி ஒரு பொட்டி செஞ்சுட்டிருந்தேன். நீ எப்படிச் சொன்னேன்னு கண்டுபுடிக்கறதுக்கு.”

“என்னையக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனுங்களே.”

அவனுக்கு அழுகை முட்டியது. அடக்கவில்லை. மூக்கு ஒழுக, குரல் உடைய, வந்துவிடும்படி கெஞ்சினான். தான் செய்தது தப்பு என்றான். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் இப்படிப் பேசியதே இல்லை. பக்கத்தில் இருந்த டீச்சருக்கு அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

வான்மதி முழுதும் கேட்டாள். கேட்டது அவள் காதில் இருந்த சிமிழ் வழியாக.

“நல்லாத்தான் பேசறீங்க. மருந்துக்கடைக்காரர் மாத்தரை எப்பப் போடோணும்னு சொல்ற மாதிரியே இருக்குது.”

“நான் அழுவறேன் வான்மதி! நெசமாலுமே அழுவறேன்!”

“எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. ஞாயித்துக்கெழம அண்ணன் வண்டி எடுத்துட்டு வருவாரு. என்ற துணிமணியும் தையல் மிஷினும் எடுத்துக் குடுத்துருங்க.”

கடைசிச் சொல்லில் அவள் குரல் நடுங்கியது. அதையும் அவனால் இப்போது கேட்க முடிந்தது. தன்னை யாராவது தடுக்க மாட்டார்களா என்று கேட்கிற நடுக்கம். அவன் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

பொன்னரசு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “புரிஞ்சுருச்சுங்க டீச்சர்” என்றான். “ஞாயித்துக்கெழம துணிமணி எடுக்க வண்டி வருதுங்கறா, ஆனா அவளுக்கு வரோணும்னுதான் இருக்குது. என்ற கொரலு அவளுக்குக் கேக்கல, அவ்வளவுதான் பிரச்சினை.”

“அப்பாடா. இப்பவாவது பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்புங்க. இந்தப் பொட்டியை எடுத்துட்டுப் போய் அவங்க காதுக்குப் பின்னால கட்டிவிட்டுட்டு, இப்ப அழுதீங்களே, அதே மாதிரி அழுங்க.”

“இதை அவளுக்குக் கட்டிட்டா, அவ பேசறதை நான் எதுல கேக்கறதுங்க?”

அதற்குள் அவன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மிச்சமிருந்த மின்தடைப் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தான்.

“இன்னொண்ணு செஞ்சு ரெண்டையும் எடுத்துட்டே போயிர்றனுங்க. வழிதான் தெரிஞ்சுபோச்சே, இந்தவாட்டி வெரசா முடிஞ்சுரும். இருந்தாலும் அவசரப்பட்டா ஏணி பிசகிப்போயிரும் பாருங்க. அளந்துதான் பண்ணோணும்.”

பிரிசில்லா டீச்சர் கத்தினார். கழுத்து நரம்பு புடைக்க, தொண்டை கிழிய, வகுப்பில் எந்த மாணவனிடமும் கத்தாத அளவுக்குக் கத்தினார்.

“உனக்கெல்லாம் எதுக்குய்யா கல்யாணம்? ஞாயித்துக்கெழம வண்டி வருதுன்னு சொல்றா, நீ இங்க உக்காந்து அளந்துட்டு இருக்கே! கோவமாச் சொல்றேன், எந்திரிச்சுப் போய்யா மொதல்ல!”

பொன்னரசு மீட்டரின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதுக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தான். டீச்சரின் குரல் சிமிழ் வழியாக, குழந்தையைத் தாலாட்டுவது போல இதமாக அவனிடம் வந்துசேர்ந்தது.

“டீச்சருக்கு எப்பவுமே கிண்டல்தானுங்க” என்று சிரித்தபடி அவன் அடுத்த மின்தடையை எடுத்து மீட்டரில் வைத்தான்.