இருபது கண்ணாடிக்கற்கள்

கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவது கண்ணாடிக்கல்லுக்குள் தண்ணீர் நின்றது.

ஒரு விரற்கடை உயரம்தான். இரண்டு கண்ணாடித் தட்டுகளை உருக்கி ஒட்டிய கல், உள்ளே காற்றுகூடப் புகாது என்று அதைச் சுவரில் பதித்த அன்று ரஃபீக் சொல்லியிருந்தான். சென்னையில் இடித்த ஏதோ ஒரு பழைய வீட்டிலிருந்து இருபது கற்களை வாங்கி, கோணியில் சுற்றி, பொன்னேரி வழியாக பஸ்ஸில் கொண்டுவந்தான். வரிசைக்கு நான்கு, ஐந்து வரிசை. "வெளிச்சம் வரும், எவன் கண்ணும் வராது" என்றான். அப்படித்தான் இருந்தது. ஏரிப் பக்கத்துப் பின்னறைக்குள் பகல் முழுவதும் பாசி நிறத்தில் ஒரு வெளிச்சம் நின்றது. வெளியே படகு போனால் இருபது துண்டாக நெளிந்து, இன்னதென்று தெரியாமல் கடந்தது. படகு தெரியாவிட்டாலும் அவன் வருவது ஜஸீலாவுக்குத் தெரியும். வலை வளைத்துத் திரும்பும்போது, படகு தள்ளும் கழியால் பின்சுவரில் மூன்று தட்டு தட்டுவான். உலை வை என்று அர்த்தம்.

அந்த அறையில்தான் ஜஸீலா அவனுக்காக இத்தா இருந்தாள். நான்கு மாதம், பத்து நாள். வெளி ஆண்கள் கண்ணில் படாமல், வாசல் தாண்டாமல், கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இருப்பு.

தண்ணீரைப் பார்த்தது ஒன்பதாம் நாள். துணியால் துடைத்தாள். ஈரம் அவள் பக்கம் இல்லை. முகத்துவாரம் வழியாகக் கடல் ஏரிக்குள் ஏறும்போதெல்லாம் கல்லுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. ஏரி வடிந்தால் அதுவும் வடிந்தது. இரண்டாம் மாதத்தில் கீழ் வரிசை நான்கிலும் தண்ணீர். மூன்றாம் மாதத்தில், தண்ணீருக்கு மேலே, ஒரு ஆள்.

ஒரு கல்லில் கொஞ்சம் தோள். ஒன்றில் சட்டையின் பச்சைக் கட்டம். மேலே கறுப்பாக ஒரு உருண்டை. கண்ணாடியின் நெளிவில் எதுவும் எதோடும் சேரவில்லை. அந்தச் சுவருக்கு வெளியே நிற்க இடமே கிடையாது, சுவர் நேராகச் சேற்றில் இறங்குகிறது, சேற்றுக்கு அப்பால் ஏரி. அந்தியில் மஃரிப் தொழுது முடித்து அவள் தலை திருப்பும்போது அது நிற்கும். அசையாது. தட்டாது.

யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சட்டையைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த ஆறாம் நாள், கோட்டைக்குப்பம் கரையில் ஒதுங்கிய உடலை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் கிடத்தியிருந்தார்கள். ஆறு நாளும் அவள் தூங்கவில்லை. துணியை விலக்கியவுடன் பச்சைக் கட்டம் போட்ட சட்டைக் கை தெரிந்தது, ரஃபீக் போட்டுப் போனதைப் போலவே. பொன்னேரியில் பாதி ஊர் துணியெடுக்கிற கடையில் வாங்கியது, அதே கட்டத்தில் ஊருக்குள் பத்துச் சட்டையாவது இருக்கும். ரஃபீக்கின் அக்கா பரக்கத் பீவி அவள் தோளைப் பிடித்து, "மூஞ்சியப் பாருடி, ஒரே ஒரு தடவ" என்றாள். ஜஸீலா கண்ணை மூடிக்கொண்டாள். "அவருதான் மதினி. மூடச் சொல்லுங்க."

மூடினார்கள். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுகை நடத்தி, ரஃபீக் பேரில் அடக்கினார்கள். ஒரு வாரம் கழித்து, அதே காற்றில் ஆந்திரப் பக்கத்துப் படகு ஒன்றிலிருந்தும் ஒரு ஆள் விழுந்துவிட்டானாம், இன்னும் கிடைக்கவில்லையாம் என்று யாரோ வாசலில் பேசிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. யாரை அடக்கினோம் என்ற கேள்வியோடு நான்கு மாதம் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். அது ரஃபீக் இல்லையென்றால், ரஃபீக் எங்கே? யார் அவனுக்காகத் தொழுதது?

இத்தா முடிந்த மறுநாளே அந்தக் கற்களை எடுத்துவிட வேண்டும் என்றாள். பரக்கத்துக்கும் அதுவே சரியென்று பட்டது. கொத்தனார் எல்லப்பனைக் கூட்டிவந்தாள். உளியைக் கீழே வைக்காமலே அவர் கற்களுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, மீனு கீனு வளத்தீங்களா உள்ள?"

"உப்புக் காத்துப்பா" என்றாள் பரக்கத். "இரும்பையே தின்னுது, கண்ணாடிய வுடுமா?"

"காத்து தின்னும், சரி. தண்ணி எப்டிமா ஊத்தும்? சீல் வெச்ச கல்லு." அவர் நகத்தால் ஒன்றைத் தட்டினார். "ஒடைக்காம எடுத்தா எனக்குத் தர்றீங்களா? என் ஊட்டம்மா மூணு வருசமா பொடவையக் கட்டி மறச்சு குளிக்குது. தெனம் திட்டு."

"எடுத்துக்கப்பா. புண்ணியமாப் போவும் உனக்கு."

முதலில் மேலே இருந்த கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லை என்றாலும் சவுக்குக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்தார். கல் வெடித்தால் சில்லு சிதறாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே டேப் ஒட்டினார். தரையில் நனைத்த கோணி விரித்தார். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை. அறுக்கும் மெஷினை இடுக்கில் கொடுத்துக் கலவையை மட்டும் அறுத்து, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினார். இடம் மாறாமலிருக்க ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டு அறையின் நடுவே கோணிமேல் அடுக்காமல் பரப்பினார். சிமெண்டுத் தூசியோடு, மாதக்கணக்கில் மூடிவைத்த மீன்கூடையைத் திறந்த வாடை அறைக்குள் வந்தது.

கடைசிக் கல் வந்தபோது ஜஸீலா கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

வெளியே சேறு. ஒரு கொக்கு. தூரத்தில் பசியாவரம் பக்கம் ஒரு படகு. வேறு யாரும் இல்லை. அவள் மூச்சு வெகுநாளைக்குப் பிறகு அடிவயிறு வரை இறங்கியது.

"பாத்தியா?" என்றாள் பரக்கத். "காத்து வந்தா எல்லாம் தெளிஞ்சிடும்."

பொன்னேரியிலிருந்து வந்த அலுமினிய ஜன்னல் ஒரு அங்குலம் பெரிதாக இருந்தது. எல்லப்பன் கடைக்காரனைத் திட்டிவிட்டு, நாளைக்கு மாற்றிக் கொண்டுவருவதாகச் சொல்லி, திறப்பில் தார்ப்பாயை இழுத்து ஆணியடித்தார். கற்களையும் நாளைக்கே ஆட்டோவில் ஏற்றிக்கொள்வாராம். பரக்கத் தன் வீட்டில் விளக்கேற்றப் போனாள்.

மஃரிப் தொழுதாள். தலை திருப்பினாள். தார்ப்பாய். நீலம். அவ்வளவுதான்.

எழுந்தபோது காலடியில் கிடந்த ஒரு கல் கண்ணில் பட்டது. பதினான்கு என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு முழங்கை.

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். எட்டில் ஒரு தோள். பதினெட்டில் லுங்கி, தண்ணீரில் ஆடிக்கொண்டு. எடுத்த வரிசையிலேயே பரப்பியிருந்ததால் தலை அவள் பக்கமும் கால் சுவர்ப் பக்கமுமாக, ஒரு உடல், இருபது துண்டாக, கோணியில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் போல.

ஓடியிருக்கலாம். தெருவில் ஆட்கள் இருந்தார்கள், யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஆனால் ஒரு தடவை பார்க்கச் சொன்னதை அவள் பார்க்கவில்லை. இப்போது பார்க்காவிட்டால் சாகும்வரை அந்தத் துணி விலகிக்கொண்டேதான் இருக்கும்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கீழ் வரிசை. சுவரில் இருந்தபடியே, எண் போட்ட பக்கம் தன்னைப் பார்க்க வைத்தாள். அடுத்த வரிசை. கற்கள் சில்லிட்டிருந்தன. விரல் பட்டால் சரியும் போல அடுக்கு ஆடியது. உள்ளே தண்ணீர் ஒரு கல்லிலிருந்து இன்னொன்றுக்கு, வழியே இல்லாமல், ஏறிக்கொண்டிருந்தது. கடல் ஏரிக்குள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். கடைசியாக இரண்டாம் எண். அதை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

தலைமுடி. பிடரி. சட்டைக் காலர்.

முதுகு.

அத்தனை நாளும் தன்னைப் பார்த்து நிற்பதாக அவள் நினைத்த ஆள், முதுகைக் காட்டி நின்றிருந்தான். கைகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்திருந்தன. கோபமாக்கும், என்று நினைத்தாள். பார்க்க மறுத்தவளிடம் முகத்தைக் காட்டுவானா?

இந்தக் கற்கள் சுவரில் இருந்தவரை மறுபக்கம் போக வழியில்லை. இப்போது இருந்தது.

அடுக்கைச் சுற்றி நடந்தாள். தார்ப்பாய்க்கும் கற்களுக்கும் நடுவே இரண்டு முழ இடம். அதில் போய் நின்று, கண்ணை மூடாமல், பார்த்தாள்.

மீசை அரும்பிய பையன். இருபது வயதிருக்கும். ரஃபீக் இல்லை.

நான்கு மாதம் தேக்கிவைத்தது எதுவும் வரவில்லை. அழுகைகூட. "தம்பி" என்றாள். "தெரியாம சொல்லிட்டேன்பா. உன்ன அவருன்னு சொல்லிட்டேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. விரிந்த உள்ளங்கைகள் இரண்டும் கண்ணாடியில் அழுந்தி வெளுத்திருந்தன, வெளியிலிருந்து யாரோ தள்ளும் கதவை உள்ளிருந்து தாங்குகிறவனுடைய கைகள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்கள் அவள் தோளுக்குப் பின்னால் நிலைத்திருந்தன.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை நாளும் அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றிருந்தான் என்று.

சுவரில் கழி தட்டும் சத்தம்.

ஒன்று.

சேற்று வாடை. கழுத்தில் ஈரக் காற்று.

இரண்டு.

திரும்பக் கூடாது.

மூன்று.

கற்களின் முகப்பில், இருபதிலும், அவள் தோளுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அது மெல்ல உள்நோக்கிப் புடைத்தது. முதலில் ஒரு நெற்றி. பிறகு ஐந்து விரல்கள். ஆணி ஒன்று தரையில் விழுந்தது.

கண்ணாடிக்குள் அந்தப் பையன் கைகளைக் கீழே போட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.