விரல் தொடும் முன்

பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் திரை விழித்துக்கொண்டது. புதிய கணினி, விரைவாகத் தொடங்கும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். ஆயினும், கொதிக்கும் சட்டியைத் தொட்டவள்போல ஃபோரிவா தன் விரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

அவள் பழகியிருந்தது பழைய கணினிக்கு. அதன் பொத்தானை அழுத்திவிட்டு, கடைவாசலைக் கூட்டி, தெருமுனையில் சோளக்கஞ்சி விற்கும் பெண்ணிடம் ஒரு குவளை வாங்கி வந்து, நின்றபடியே பாதியைக் குடித்து முடிக்கும்வரை அது உள்ளுக்குள் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடக்கும். அந்த இடைவெளி அவளுக்கே உரிய பொழுது. கானா நாட்டின் குமாசி நகரில், பிணவறைக்குச் செல்லும் சாலையில், இறந்தவர்களுக்குச் சுவரொட்டி அடித்துக் கொடுப்பவள் அவள். அன்றைய முகத்தை எதிர்கொள்வதற்கு முன் அவ்வளவு பொழுதாவது அவளுக்குத் தேவைப்பட்டது.

புதியது அந்தப் பொழுதைத் தரவில்லை.

அது வந்திறங்கிய நாளில் அவளுடைய கணவர் பெடியாக்கோவும் கடையில் இருந்தார். வடக்கே டமாலே நகருக்குப் பேருந்து ஓட்டுபவர், எதையும் சிரிப்பாக்கிவிடுபவர்.

"அட, இதுக்குள்ள எழுந்திடுச்சா? பழசு கண்ணைத் தொறக்கறதுக்குள்ள நான் பாதி வழி போயிருப்பேன்," என்றார்.

இறந்த தம்பிக்குச் சுவரொட்டி அடிக்க வந்த முதியவள் கொனாடு, கறுப்புத் துணி போர்த்தி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். தம்பியின் படத்தை அவளுடைய மருமகன் இன்னும் அனுப்பவில்லை. திரையில் சுவரொட்டியின் நடுச்சட்டம் வெறுமையாக இருந்தது.

அந்தச் சட்டத்தைப் பற்றி ஃபோரிவாவுக்கு உறுதியான வழக்கம் ஒன்றுண்டு. அது இறந்தவருக்கு மட்டுமே உரியது; உயிரோடிருப்பவர்கள் கீழே சிறிய படங்களாக வரிசையில் நிற்க வேண்டும். சென்ற சனிக்கிழமை அடக்கமானவர், அடுத்தவர் வரும்வரை அங்கேயே இருப்பார். இடம் காலியாகக் கிடப்பதே இல்லை. ஆனால் புதிய கணினியில் இதுவரை எவரும் இறந்திருக்கவில்லை.

"படம் வர்றவரைக்கும் என்னைப் போட்டுப் பாரேன்," என்றார் பெடியாக்கோ. "கண்ணாடி போட்டுக்கிட்டு எடுத்தோமே, அது. மாப்பிள்ளை மாதிரி இருக்கேனான்னு பாப்போம்."

கணினியின் வேகத்தைக் காட்டிவிடும் பெருமிதத்தில் அவள் விசையைத் தட்டினாள். பழையதாக இருந்திருந்தால், படம் ஏறுவதற்குள் யாரேனும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். இதில் அதற்கு இடமிருக்கவில்லை. சட்டத்துக்குள் பெடியாக்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"எடு அதை," என்றாள் கொனாடு. குரல் உயரவில்லை. "புது மெஷின்ல முதல் ஆளா உசுரோட இருக்கறவனை உக்கார வெப்பாளா ஒருத்தி?"

"உக்காந்தா எழுந்திரிக்கவும் தெரியும் பெரியம்மா."

"எல்லாருமே அப்படித்தான் நெனச்சாங்க. அதான் உன் பொண்டாட்டிக்குத் தொழில் நடக்குது."

பெடியாக்கோ வயிறு குலுங்கச் சிரித்தார். ஃபோரிவா படத்தை நீக்கினாள். மாலையில் கொனாடுவின் தம்பி சட்டத்துக்குள் வந்து சேர்ந்தார். அவரை முறையாகச் சேமித்துவிட்டுத்தான் அவள் கடையைப் பூட்டினாள். பெடியாக்கோ இரவு வண்டியை எடுத்துக்கொண்டு டமாலேக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை, பாலைநிலத்துப் புழுதிக்காற்று தெருவைச் சாம்பல் நிறமாக மூடியிருந்தது. விரலை வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள், அவ்வளவே. திரை ஒளிர்ந்தது. சுவரொட்டி ஏற்கெனவே திறந்திருந்தது. சட்டத்துக்குள் கண்ணாடி அணிந்த பெடியாக்கோ. அவருக்கு மேலே, அகாலத்தில் போனவர்களுக்கு மட்டும் அவள் இடும் சிவப்புத் தலைப்பு: என்ன ஒரு அதிர்ச்சி. கீழே அவருடைய முழுப்பெயர், வயது, ஊர். அவற்றில் ஒன்றையும் அவள் தட்டெழுதியிருக்கவில்லை. பிழையேதும் இருக்கிறதா என்று பழக்கத்தால் தேடினாள். ஒரு பிழையும் இல்லை.

நீக்கினாள். கணினியை அணைத்தாள். அணைந்த திரை தன்னைப் பார்த்தபடி இருப்பதாகத் தோன்றவே, அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். புழுதிமூட்டத்தில் எதிரே வரும் மரலாரிகள், விளக்கில்லாத வளைவுகள். சாலை முழுவதும் அவளுடைய கண்ணுக்குள் விரிந்தது.

"எங்க இருக்கீங்க?"

"டமாலே ஸ்டேஷன்ல. இன்னும் ஆள் ஏறலை. ஏன், திடீர்னு ஆசை வந்திடுச்சா?"

"சிரிக்காதீங்க. வண்டியை வேற யாருகிட்டயாவது குடுத்திடுங்க. நீங்க ஓட்ட வேண்டாம்."

கோழிகளின் கொக்கரிப்புக்கும் பயணிகளை அழைக்கும் குரல்களுக்கும் நடுவே அவர் குரலைத் தாழ்த்தினார்.

"குரலே சரியில்லையே, ஃபோரிவா. சரி. பின் சீட்ல உக்காந்து வரேன். நாளைக்குக் கடையில டீ போட்டுத் தருவியா?"

"தரேன். வந்து சேருங்க."

வந்து சேர்ந்தார். ஒரு கீறலும் இல்லை. மறுநாள் காலை நீல எனாமல் குவளையோடு கடையில், அவளுக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். சாலையிலிருந்து அவரை மீட்டுவிட்டதாக அவள் நம்பினாள். திரையில் கண்டதை அவரிடம் சொல்லி, கணினியின் மின்கம்பியையும் பிடுங்கிப் போட்டாள். ஆனாலும் அதன் பக்கம் போக மனம் வரவில்லை.

"இப்படிப் பயந்தா எப்படி?" என்று தேநீரை உறிஞ்சினார். "கம்பியைப் புடுங்கிட்ட. தெருவுலயும் கரன்ட் இல்ல. இப்ப அழுத்து. அது செத்துக் கெடக்கறதை ஒரு தடவை பாத்திட்டா உனக்கும் நிம்மதி. அப்புறம் கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்திடலாம்."

அவள் துணியை விலக்கினாள். பிடுங்கிய கம்பி தரையில் சுருண்டு கிடந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மின்விசிறி நின்றிருந்ததால், அடங்கிய காற்றில் புழுதியும் மையும் தேநீரின் இனிப்பும் கலந்து மணத்தன. அவளுடைய முதுகுக்குப் பின்னால் அவர் உறிஞ்சும் ஒலி, சீராக, வீட்டு ஒலியாக வந்துகொண்டிருந்தது.

விரலை நீட்டினாள்.

பொத்தானுக்கும் விரலுக்கும் இடையே இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது.

திரை ஒளிர்ந்தது.

சிவப்புத் தலைப்பு. பெயர். வயது. அதே சட்டம். ஆனால் கண்ணாடி அணிந்த படம் இல்லை.

இந்தக் கடை. இந்த நாற்காலி. திரை இருக்குமிடத்திலிருந்து எடுக்கப்பட்டதுபோன்ற படம். நாற்காலியில் பெடியாக்கோ; தாடை மார்பில் இறங்கியிருந்தது. ஒரு கை தொங்கியது. தரையில் தேநீர். யாருடைய காலடியிலோ, கைப்பிடி மேலே நோக்க, நீலக் குவளை.

பின்னால் உறிஞ்சும் ஒலி தொடர்ந்தது.

"பெடியாக்கோ," என்றாள்.

"ம்?"

"குவளையைக் கீழ வெச்சிடுங்க. எழுந்து வெளிய போங்க. இப்பவே."

"ஏன், என்ன..."

சொல் முடியவில்லை. தரையில் எனாமல் மோதியது. உருண்டது. அவளுடைய குதிகாலைத் தொட்டு நின்றது. சூடான ஈரம் செருப்புக்குள் இறங்கியது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. கைப்பிடி எந்தப் பக்கம் நோக்கியிருக்கும் என்பதை அறிந்திருந்தாள்.

படத்தில் நாற்காலிக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். ஒரு விரல் நீட்டியபடியே இருந்தது. தலை பாதி பின்னால் திரும்பியிருந்தது. வாய் முழுவதும் திறந்திருந்தது.

ஃபோரிவா இன்னும் திரும்பவில்லை. உதடுகளை இறுக மூடியிருந்தாள். விரல் இன்னும் பொத்தானைத் தொடவில்லை.

அவளுடைய கழுத்து மெல்லத் திரும்பத் தொடங்கியது.