சென்றாயனுக்கு வைத்த கண்

மூன்றாவது படத்திலும் சவரியாரின் கண்கள் மூடியே இருந்தன.

உபகாரசாமி ஈரப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான். இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. புகைபோக்கியிலிருந்து கிளம்பிய கரும்புகை பின்னால் வளைந்து கிடந்தது, சக்கரங்களைக் கோத்திருக்கும் இரும்புத் தண்டில் எண்ணெய் வழிந்த தடம்கூட விழுந்திருந்தது, டிரைவரின் மீசையை முடிமுடியாக எண்ணிவிடலாம். அவருக்குப் பக்கத்தில், அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் இரண்டாம் ஃபயர்மேன் சவரியார் கைப்பிடியைப் பற்றி வெளியே சாய்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். தூக்கத்தில் சிரிக்கிறவன் முகம்.

சவரியார் அவன் தம்பி, பதினைந்து வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது அவனுக்கு நாலு வயது. உபகாரசாமிக்கும் மனைவி அன்னாளுக்கும் பிள்ளை இல்லை, அந்தக் குறையே தெரியாதபடி வீட்டை நிறைத்து வளர்ந்தவன். இப்போது கல்யாணம். ஆத்தூர்ப் பெண், இன்பமேரி. மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு ஒரு ஆசை: மாப்பிள்ளை ஓடுகிற இஞ்சினில் நிற்கும் படம் வேண்டும். நிற்கிற இஞ்சினில் எவன் வேண்டுமானாலும் ஏறிப் போஸ் கொடுப்பானாம். சேலத்தில் ஸ்டூடியோ வைத்து இருபது வருஷமாகிறது, இது ஒரு வேலையா என்று உபகாரசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கஞ்சமலைக்குக் கிழக்கே உள்ள ரயில் கேட்டில், வளைவுக்காகச் சரக்கு வண்டி வேகம் குறைக்கும். மாலை நாலரை மணி வெயில் இஞ்சின் முகத்தில் நேராக விழும்.

முதல் படம் பார்த்து வீடே சிரித்தது. இரண்டாவதற்கு, கண்ணைச் சிமிட்டாமல் நில்லடா என்று திட்டு விழுந்தது. மூன்றாவது தடவை உபகாரசாமி கூர்ந்து கவனித்தான். ஷட்டரை அழுத்திய நொடியில் தம்பியின் கண்கள் அகலத் திறந்திருந்தன, வெயிலில் கருவிழி பளிச்சிட்டதைக்கூடப் பார்த்தான். பைபிள் மேல் கை வைத்துச் சொல்வான். அப்படியிருந்தும் படத்தில் இமைகள் ஒட்டிக்கிடந்தன.

அன்று இரவு சவரியார் கரிவாடையோடு வீட்டுக்கு வந்தான். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், எதிரே இருந்த தண்ணீர்ச் செம்பைத் தேடித் தரையைத் தடவினான். கை செம்புக்கு ஒரு சாண் தள்ளியே போய்ப் போய் வந்தது.

“அண்ணா, வெளக்கு ஏத்தலியா?”

தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அன்னாள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“எத்தன நாளா இப்புடி?” என்றான் உபகாரசாமி.

“பத்து நாளாச்சு. அடுப்பு அனல்னு நெனச்சேன். இப்ப சிக்னலே தெரியறதில்லண்ணா. எந்த எடத்துல எது வரும்னு மனசுல வெச்சு டிரைவருக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். திங்கக்கெழம கண்ணு டாக்டரு பாக்கப் போறாரு. தெரியலீன்னா எறக்கி உட்ருவாங்க.” சோற்றைப் பிசைந்தான். “இன்னொண்ணு. சிரிக்கக் கூடாது. கண்ணு மங்கற நேரத்துல வேற ஒரு ஊடு தெரியுது. செவுத்து மேல ஒக்காந்து கீழ பாக்கறாப்பல. ஒரு தறி கெடக்குது. ஒரு அம்மா என்னயே பாத்துப் பாத்து அழுவுது. யாருன்னே தெரியல.”

உபகாரசாமிக்குத் தெரிந்தது.

மூன்று வாரத்துக்கு முன் இளம்பிள்ளையில் சென்றாயன் என்ற நெசவாளி காய்ச்சலில் இறந்துபோனான். உயிரோடிருந்தபோது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத மனிதன். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் கட்டி உட்காரவைத்து, உபகாரசாமி படம் எடுத்தான். அந்தத் தொழிலில் இது சாதாரணம். “மூடுன கண்ணோட மாட்டுனா கொழந்தைங்க பயந்துக்கும், கண்ணு வெச்சுக் குடுங்க சாமி” என்று சென்றாயன் மனைவி சென்னியம்மாள் கேட்டுக்கொண்டாள். அதுவும் சாதாரணம்தான். அவன் தொழில் கற்ற கடையில் இதற்கு ஒரு முறை இருந்தது. செத்தவர்களுக்கு வைக்கும் கண்ணைச் சாமிபடக் காலண்டரைப் பார்த்துத்தான் வரைய வேண்டும், உயிரோடிருக்கிற ஆள் படத்திலிருந்து எடுக்கவே கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. அன்று அவசரம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் வேண்டும். மேஜைமேல் பெண் வீட்டாருக்குக் காட்ட எடுத்த தம்பியின் படம் காய்ந்துகொண்டிருந்தது, அளவும் கச்சிதமாக ஒத்துப்போனது. கத்தரித்து எடுத்தான். சென்றாயன் முகத்தில் ஒட்டினான், ஓரங்களைத் தூரிகையால் மறைத்தான், மறுபடி படம் பிடித்துப் பெரிதாக்கினான். எவ்வளவு உயிர்ப்பாக வந்திருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டான். நினைக்க நினைக்க அந்தக் கையை அறுத்து எறியலாம் போலிருந்தது.

அடுத்த நாள், தடுத்தும் கேளாமல் சவரியார் வேலைக்குப் போனபின், உபகாரசாமி மதியம் காமிராப் பையோடு இளம்பிள்ளைக்குச் சைக்கிள் மிதித்தான். புழுதியில் கானல் ஆடியது. தெருவெல்லாம் தறிச்சத்தம், கஞ்சிப்பசை வாடை, சாயத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். சென்றாயன் வீட்டுத் தறி மட்டும் ஓடவில்லை. உள்ளே இருட்டு. அந்த இருட்டில் நெசவு வீட்டில் இருக்கவே கூடாத ஒரு வாசனை அடித்தது, எரிந்த நிலக்கரியும் சூடேறிய எண்ணெயும் கலந்த வாசனை. அவன் தம்பி சட்டையில் தினமும் முகர்கிற வாசனை.

“நீங்களே வந்துட்டீங்க,” என்றாள் சென்னியம்மாள். அழுது அழுது வீங்கிய முகம். “ஆள உட்டுச் சொல்லி அனுப்பலாம்னு இருந்தேனுங்க. மொத நாளு நேராப் பாத்துச்சுங்க. இப்ப அப்புடி இல்லீங்க. அங்கயும் இங்கயும் ஓடுது. தொடைக்கத் தொடைக்கக் கண்ணாடியில கரி படியுது. அது எங்கூட்டுக்காரரு கண்ணு இல்லீங்க. யாரு கண்ணுங்க அது?”

அவன் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்றான். மாலைக்கு நடுவே செத்தவனின் தொங்கிய கன்னம், பஞ்சு எடுத்த மூக்கு, அதற்கு மேலே சவரியாரின் கண்கள். வெள்ளை விழியில் சிவப்பாக நரம்போடியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு. அவன் கண்ணாடியை முந்தானையால் துடைக்கச் சொல்லிவிட்டு மூக்கு தொடுகிற அளவுக்குக் குனிந்தான். கருவிழிக்குள், கடுகளவில், இரண்டு தண்டவாளங்கள் அவனை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தன.

“எடுத்துட்டுப் போயிருங்க,” என்று பின்னாலிருந்து கேட்டது. “எனக்கு வேண்டாமுங்க.”

படத்தைத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு பறந்தான். வீட்டுக்குப் போக நேரமில்லை. நாலு மணி தாண்டிவிட்டது, வண்டி வந்துகொண்டிருந்தது, அந்தக் கண்கள் ஒரு தண்டவாளத்தை இங்கே துணிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, அங்கே அவன் வளர்த்த பிள்ளை ஓடுகிற இஞ்சினில் குருடனாக நின்று நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு அடி தப்பினால் போதும். மாதாவே, மாதாவே என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டே போனான். இரவல் வாங்கியதை வைத்த இடத்தில் இல்லாமல் செய்துவிட்டால் உடையவனிடமே திரும்பிவிடும். அப்படித்தான் ஆக வேண்டும். வேறு வழி எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

கேட் பூட்டிக் கிடந்தது. கேட்மேன் கருப்பண்ணன் பச்சைக்கொடியோடு நின்றிருந்தான்.

“ஏனுங்க போட்டோக்காரரே, இன்னைக்கும் படமா? வண்டி அடுத்த டேசன உட்டுருச்சுங்க.”

உபகாரசாமி தலையை மட்டும் ஆட்டினான். கேட்டைத் தாண்டி வேலியோரம், கருவேல மரத்தடியில், காமிராவை நிறுத்தினான். இன்றைய படம்தான் சாட்சி. கண் திறந்திருந்தால் தம்பி பிழைத்தான். பிறகு படத்தை மடியில் வைத்து, சட்டத்தின் பின்பலகையைப் பெயர்த்து, அட்டையை வெளியே இழுத்தான். பையிலிருந்து ரீடச் கத்தியை எடுத்தான். பேனா நீளக் கத்தி. இருபது வருஷமாக மருக்களையும் அம்மைத் தழும்புகளையும் சுரண்டி எடுத்த கத்தி.

கிழக்கே பனைகளுக்குப் பின்னால் விசில் கேட்டது. நீளமாக. தண்டவாளம் மெல்ல முனக ஆரம்பித்தது.

கத்திமுனையை இடது கண்மேல் வைத்தான். கருவிழி சுருங்கியது.

அட்டையைத் தொடையோடு அழுத்திக்கொண்டான். சுரண்டினான். பூச்சு வளையம் வளையமாக எழும்பியது. அடியில் வெள்ளைக் காகிதம். நாராய்ப் பிரிந்தது. வலது கண் அவனையே பார்த்தது. பழகிய கண். காய்ச்சலில் கிடந்தபோது, நாலு வயதில், இரவெல்லாம் அவனைப் பார்த்த கண். அது ஈரமாகியது.

“பொறுத்துக்கடா சாமி,” என்றான். “உனக்குத்தான்டா.”

அதையும் சுரண்டினான்.

விசில் மறுபடி. பாதியில் அறுந்தது.

அவன் எழுந்தான். வளைவில் புகை. இஞ்சின் வந்தது. கறுப்பு, பளபளப்பு, தரை அதிர்ந்தது. அடிவயிற்றில் அதன் மூச்சு இடித்தது. வேகம் குறைந்தது. அவன் காமிராவுக்குள் குனிந்தான். சிறிய கண்ணாடியில் சக்கரம், தண்டு, ஆவி. டிரைவரின் முகம், நேராகப் பார்த்தபடி. கைப்பிடி. அதில் ஒரு கை.

சவரியார் வெளியே சாய்ந்தான்.

சிரித்துக்கொண்டிருந்தான். ரத்தம் இல்லை. காயம் இல்லை. கண்கள் இருந்த இரண்டு இடத்திலும் வெள்ளை. சுரண்டிய வெள்ளை. பிசிறு பிசிறாக நாரெழுந்த வெள்ளை, இஞ்சின் காற்றில் அந்த நார்கள் படபடவென்று ஆடின. அண்ணன் நிற்கிற பக்கம் தெரியாமல் எதிர் வேலியைப் பார்த்து முகத்தைத் தூக்கிக் காட்டினான். நெற்றித் தோல் மேலே ஏறியது, கண்ணை அகல விரிக்கிறவனுக்கு ஏறுவதுபோல.

“அண்ணா,” என்று சத்தத்துக்கு மேலே கத்தினான், “நல்லாத் தொறந்துதான் வெச்சிருக்கேன். புடிச்சுக்கோ.”