குலிசாரின் தக்களியில் கூடிய நூல்

மலைச்சரிவில் மூடுபனி இன்னும் கலையவில்லை. முடிதிருத்தும் சித்கி, ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட் ஹிக்மெத்தின் தாடையில் நுரை பூசிக்கொண்டிருந்தான். ஆடு மேய்க்கும் குலிசார் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் முக்காட்டில் வெள்ளாட்டு ரோமம் ஒட்டியிருந்தது.

"அண்ணே, என் வீட்டுல திருட்டு நடக்கல. அதுக்கு நேர்மாறு" என்றாள் ஹிக்மெத்திடம். "ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டு வந்தா, தக்களியில நூல் கூடியிருக்கு. நான் விட்டதவிடக் கனமா."

"நல்லதுதானே அக்கா!" என்று சிரித்தான் சித்கி.

"சிரிக்காதடா. முத நாள் தடவிப் பாத்து, நானா இவ்வளவு மெத்துன்னு நூத்தேன்னு வாய்விட்டே சொன்னேன். ஆனா அதுலேருந்து தொடர்ந்து நூத்தா, என் கையிலயே பிரிஞ்சு பஞ்சாப் போகுது. நூத்தது ஞாபகமில்ல, நூக்கவும் வரல. எனக்குப் புத்தி தடுமாறுதுன்னு என் மகன் மந்தைய வித்துட்டு என்னை அங்காராவுக்குக் கூட்டிட்டுப் போறானாம். இன்னிக்கு வியாபாரி வர்றான்."

ஹிக்மெத் நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

குலிசாரின் வீட்டு முற்றத்தில் அங்கோரா ஆடுகள் மேகம் தரையில் இறங்கியதுபோல் நின்றன. சுருள் சுருளான ரோமத்தில் பனித்துளி மின்னியது. மருமகள் நெர்மின் இடக்கையால் தேநீர் ஊற்றி, எல்லோருக்கும் வைத்தாள். மகன் தாஹ்சின்தான் பேசினான்.

"மாமா, அம்மாவுக்குக் கண்ணுல புரை. இப்ப புத்தியும் போச்சு. நெர்மினுக்கும் இந்த ஆட்டுவாடை ஆகல. டவுன்ல வளந்தவ."

நெர்மின் குனிந்து கண்ணாடிக் குவளைகளை அடுக்கினாள்.

ஹிக்மெத் தக்களியை ஜன்னலோரம் கொண்டுபோனார். நூலைப் பிரித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே சின்னதாக ஒரு முடிச்சு.

"நூல் இழைய எப்படிம்மா ஒட்டுவே?"

"ரோமத்த ரோமத்தோட சேத்து முறுக்குவேன். முடிச்செல்லாம் கத்துக்குட்டி வேலை."

சித்கி முடிச்சுக்கு அப்பாலிருந்த நூலை விரலில் உருட்டினான். அவன் முகம் மலர்ந்தது. "அண்ணே! இது ஆட்டு ரோமமே இல்ல, முயல்! ஊர்ல முயல் வச்சிருக்கது ஒரே ஆளு. இவங்களோட மேய்ச்சல் தகராறு பண்ணினானே, அந்த ருஸ்தெம்! பைத்தியம் பிடிக்க வைக்கறான்!"

"வா, பாத்துட்டு வருவோம்" என்றார் ஹிக்மெத் அமைதியாக.

அடுத்த வீட்டு ருஸ்தெம் மடியில் ஒரு வெள்ளை முயலை வைத்து வலக்கையால் வாரிக்கொண்டிருந்தார். பழைய லாரி விபத்தில் விறைத்துப்போன இடக்கை, முயலின்மேல் சும்மா கிடந்தது. முயல் கண்மூடிச் சொக்கியிருந்தது. வாரிய பஞ்சு காற்றில் மிதந்து போவதைச் சித்கி தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"குலிசார் வீட்டுக்கு ஒரு நடை வாங்க ருஸ்தெம்" என்று மட்டும் சொன்னார் ஹிக்மெத்.

எல்லோரும் குலிசாரின் அறையில் கூடினார்கள். ஹிக்மெத் தக்களியை அவளிடம் கொடுத்தார்.

"அந்த நூலோட நுனியில ரோமத்தச் சேத்து நூத்துப் பாரும்மா. ஆனா தக்களிய எதிர்ப்பக்கமாச் சுண்டு."

அவள் தயங்கிச் சுண்டினாள். தக்களி சுழன்று இறங்கியது. நூல் பிரியவில்லை.

"நிக்குதே!" என்றாள் குலிசார்.

"நிக்கும். உன் கை கெட்டுப்போகல. அந்த நூலோட முறுக்கு எதிர்ப்பக்கம். நீ உன் வழக்கப்படி வலப்பக்கம் சுத்தினப்பல்லாம் அந்த முறுக்கு அவிழ்ந்துபோச்சு. எதிர்ப்பக்கமாச் சுண்டறது யாருக்கு இயல்பா வரும்? இடக்கைக்காரங்களுக்கு. ருஸ்தெமால இடக்கைய அசைக்கவே முடியாது. தாஹ்சின் மத்த நாள்ல பகல் பூரா டவுன்ல இருக்கான். காலையில எனக்கு இடக்கையால தேநீர் ஊத்தினது யாரு?"

"அடப்பாவமே!" என்றார் ருஸ்தெம். "தலையணைக்குப் பஞ்சு வேணும்னுதானே நெர்மின் வாங்கிட்டுப் போச்சு!"

நெர்மின் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணமான புதுசுல தக்களி எடுத்தேன் அத்தை. 'இடக்கையால நூத்தா ஆடே வெக்கப்படும்'னு எல்லாப் பொம்பளைங்க முன்னாடியும் சொன்னீங்க. அப்புறம் தொடல. இப்ப திரும்ப ஆசை வந்து, நீங்க இல்லாதப்ப உங்க தக்களியிலயே நூத்தேன். உங்க ஆட்டு ரோமத்தப் பாழாக்க வேணாம்னுதான் முயல் பஞ்சு. அன்னிக்கு நீங்க தடவிப் பாத்து மெத்துன்னு இருக்குன்னதும்... என்னால நிறுத்த முடியல. புத்தி தடுமாறுதுன்னு பேச்சு வந்தப்ப பயந்துட்டேன். வாயத் தொறக்காதது என் தப்புதான்."

"உனக்கு இங்க இருக்கப் பிடிக்கலையே?" என்றான் தாஹ்சின் திகைத்து.

"அத நான் எப்பங்க சொன்னேன்? நீங்களே சொல்லிக்கிட்டீங்க."

வாசலில் லாரியின் ஹாரன் கேட்டது. தாஹ்சின் எழவில்லை. நெர்மின்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஆடுகளை முற்றத்துப் பட்டியிலிருந்து திறந்துவிட்டாள். அவை லாரியைச் சுற்றிக்கொண்டு மலைப்பக்கம் பெருகின. எங்கே மூடுபனி முடிகிறது, எங்கே மந்தை தொடங்குகிறது என்று சித்கிக்குத் தெரியவில்லை. வியாபாரியிடம் அவள் கைநீட்டி ஏதோ சொன்னாள். லாரி பின்வாங்கியது.

குலிசாருக்கு அதெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் மணியோசை மேட்டில் ஏறுவதைக் காதால் பிடித்துவிட்டாள்.

"அண்ணே" என்றாள், "அப்ப எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கும்மா."

"வாய்தான் கெட்டது" என்று சொல்லி, அவள் செருப்பைத் தேடி, மருமகள் போன திசையில் நடந்தாள்.