சுமனின் நாற்பது பொத்தான்கள்

"வாயே தொறக்காம எப்படிடா மொனிட்டராவ?" என்று லோஜன் சுமனைப் பார்த்துச் சிரித்தான். வகுப்புத் தலைவர் தேர்தலில் அவனும் நிற்கிறான்.

சுமனுக்குக் காது நன்றாகக் கேட்கும். பிறந்ததிலிருந்தே பேச மட்டும் வராது. இடைவேளை முடிந்ததும் போட்டியாளர்கள் வகுப்பின் முன் பேச வேண்டும்.

"நீ வா சுமன்," என்று வகுப்புத் தோழி தனுஜா அவனைக் கணினி அறைக்கு இழுத்துச் சென்றாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டகலை மலைகள் மூடுபனியில் மறைந்திருந்தன.

மடிக்கணினியில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், அவள் ஒரு பேசும் பக்கம் உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளைத் தொகுப்புக்குப் பங்ஷன் என்று பெயர். சொற்களைச் சேர்த்துவிட்டு 'பேசு' என்பதை அழுத்தினால் கணினி அவற்றை வாசிக்க வேண்டும்.

ஆறு சொற்களுக்கு ஆறு பங்ஷன்கள் எழுதியிருந்தாள். சுமன் நீட்டிய தாளிலோ நாற்பது சொற்கள்!

"ஐயோ, நாப்பது பங்ஷனா? அதுக்குள்ள மணி அடிச்சிருவாங்களே!"

எழுதியதை உற்றுப் பார்த்தாள். சொல்லைத் தவிர ஆறும் ஒன்றேதான். பிறகு எதற்கு ஆறு? ஐந்தை அழித்தாள். மிஞ்சியதில், 'அழுத்தப்பட்ட பொத்தானில் எந்தச் சொல் இருக்கிறதோ அதை எடு' என்று மாற்றினாள். நாற்பது பொத்தான்களையும் அதனுடன் இணைத்தாள்.

சுமன் அழுத்த அழுத்த, சொற்கள் திரையில் ஒளிர்ந்தன. நாற்பது பேர் கூப்பிட்டாலும் சலிக்காமல் ஓடிவந்தது அந்த ஒரே பங்ஷன். இருவரும் வியப்பில் இமைக்க மறந்தனர்.

ஆனால் 'பேசு' பொத்தானை அழுத்தியபோது சத்தமே வரவில்லை. சுமன் கையை விரித்தான்.

"இரு, இரு!" சொற்களைச் சேர்த்துவைக்கும் பட்டியலை அவள் அந்தப் பங்ஷனுக்குள்ளேயே உருவாக்கியிருந்தாள். அது அங்கேயே பிறந்து அங்கேயே மறைந்தது. 'பேசு' பொத்தானின் பங்ஷனுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

"பந்த காம்பராவுக்குள்ள வச்சிப் பூட்டிட்டு, வெளிய நிக்கிறவங்கள விளையாடச் சொன்னா எப்படி?" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, அந்த ஒரு வரியைப் பங்ஷனுக்கு வெளியே எடுத்துவைத்தாள்.

மணி அடித்துவிட்டது. சோதித்துப் பார்க்க நேரமில்லை.

வகுப்பில் ஒரே கூச்சல். ஜிப்ரியா டீச்சர் மேசையைத் தட்டியும் அடங்கவில்லை. சுமன் மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக அழுத்தினான். கடைசியில், 'பேசு'.

"எல்லாரும் சத்தம் போடாம இருங்க. இப்ப நான் பேசப் போறேன்," என்றது கணினி.

தனுஜாவுக்கு உடல் சிலிர்த்தது. இந்த வாக்கியத்தை அவள் எழுதவே இல்லை. இது சுமனுடையது!

எந்த மொனிட்டருக்கும் அடங்காத அந்த வகுப்பு, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல், அவன் அடுத்து அழுத்தப்போகும் பொத்தானுக்காகக் காத்திருந்தது.