கப்பித்தான்குப்பத்துச் சாடி

சித்திரை வெயில் சாய்ந்த பிறகும் சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் பின்பக்க ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. மழையைக் கண்டு மாதக்கணக்காகிறது. அந்தப் பக்கம் டேங்கும் இல்லை, குழாயும் இல்லை. இசைவாணி எழுந்துபோய்ப் பார்த்தாள். சுவரோரத்து மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மேலே ஓடும் காய்ந்திருந்தது. சொட்டு மட்டும் விழுந்தது.

உள்ளே வந்தாள். மேசைமேல் அந்தச் சாடி. இரண்டு கைப்பிடி, குறுகிய அடி.

அண்ணாமலை நகரில் தனியாகக் குடியிருக்கிறவள், கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள், வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை. கடலூர்ப் பக்கம் ஆற்றோரமாக இருக்கும் கப்பித்தான்குப்பத்தின் வரலாற்றை எழுதுவதுதான் அவளுக்கு எல்லாமே. கோட்டைத் துரைமார்கள் உண்டாக்கிய ஊர் என்பார்கள். நாலைந்து வெள்ளைக்காரக் கல்லறையும் உண்டு. போங்கய்யா, அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே ரோமாபுரிக் கப்பல் மது இறக்கிய ஊர் இது என்று அவள் அடித்துப் பேசுவாள். காட்டத்தான் அப்படி மது வந்த ஒரு முழுச் சாடி கிடைக்கவில்லை.

போன மாதம் அந்தக் குப்பத்தில் சத்யப்பிரியா என்கிற பெண்ணின் வீட்டில் கண்ணில் பட்டது. இறவாணத்துக்குக் கீழே, கூரைத்தண்ணீர் விழுந்து மண் கரைந்த இடத்தில், சாடியின் வாய் மட்டும் தெரிந்தது.

"இதை எடுத்துப் பார்க்கலாமாம்மா?"

சத்யப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம் டீச்சர். அது அங்கியே இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன மூடநம்பிக்கையோ என்று இசைவாணி மனசுக்குள் சிரித்தாள். ஊரே கடலை பிடுங்கப் போயிருந்த ஒரு பகலில் காரில் போய்த் தோண்டி எடுத்துவந்துவிட்டாள். படித்தவள் செய்கிற வேலையா அது? உள்ளே இறுகிக் கிடந்த மண்ணைப் பின்சுவரோரம் கொட்டி, அதன்மேலேயே ஹோஸ் பிடித்துச் சாடியைக் கழுவிவிட்டாள். பேப்பரில் அவள் படம் வந்தது, சாடியை அணைத்தபடி.

இன்று காலை சத்யப்பிரியாவின் புருஷன் அய்யனார் போன் செய்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தணிந்த குரலில் பேசினான்.

"டீச்சர், செத்துப் பொறந்த புள்ளைய அதுலதான் வச்சுப் பொதைப்போம். கூரைத்தண்ணி மேல சொட்டிக்கினே இருந்தா அந்த வூட்டுப் பொம்பள வயித்துக்கே அது திரும்பி வரும். வெளிய சொன்னா வராதுன்னு வாயத் தொறக்க மாட்டோம். அவளுக்கு இப்ப ஆறு மாசம். எங்க புள்ள மண்ணோட அப்படியே இருக்குதுல்ல?"

"இருக்குப்பா," என்றாள்.

சாயங்காலம் தாங்களே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

போனை வைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. ஆனால் என்ன செய்தாள்? ரோஜாத் தொட்டி மண்ணை அள்ளிச் சாடியில் போட்டு அமுக்கினாள். வெட்கக்கேடு. அள்ளும்போதே அடிவயிறு கனத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

இப்போது சத்தம் வேகமாகிவிட்டது. ஜன்னலைச் சாத்தினாள். கேட்டது. காதைப் பொத்தினாள். கேட்டது. ஈர மண் வாசனை. அதோடு பால் திரிந்த வாடை. வீடெங்கும்.

வாசலில் செருப்புச் சத்தம்.

சொட்டு நின்றது.

சத்யப்பிரியா மேடிட்ட வயிற்றோடு பஸ்ஸில் வந்த களைப்பில் நின்றாள். அய்யனார் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தலைகுனிந்து உள்ளே வந்தான். கோபப்பட வேண்டியவர்கள் அவர்கள். கூனிக்குறுகி நின்றதும் அவர்களே. இசைவாணியால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சத்யப்பிரியா சாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். மண்ணை முகர்ந்தாள்.

"காலையிலேர்ந்து அசையல டீச்சர்," என்றாள், தன் வயிற்றைப் பார்த்தபடி.

சொல்லிவிட வேண்டும். இது அந்த மண் இல்லை, அதை நான் கொட்டிவிட்டேன், என் வீட்டுக் கூரைக்குக் கீழே கொட்டிவிட்டேன். இசைவாணி வாயைத் திறந்தாள்.

உதைத்தது.

உள்ளே. தொப்புளுக்குக் கீழே. மறுபடியும்.

சத்யப்பிரியாவின் பார்வை இசைவாணியின் புடவைக் கொசுவத்தில் வந்து நின்றது. கொசுவம் புடைத்தது. அடங்கியது. புடைத்தது. அவள் சாடியை மெல்லக் கீழே வைத்தாள். கிட்டே வந்தாள். குனிந்து, இசைவாணியின் வயிற்றில் உள்ளங்கையைப் பதித்தாள்.

"அம்மா வந்துட்டேன்டா," என்றாள்.

அந்தக் கைக்குக் கீழே, தோலைத் தள்ளிக்கொண்டு, ஒரு சின்னக் குதிகால் நகர்ந்தது.