ஐந்நூறு குதிரைகளும் ஒரு சுத்தியலும்

போன் அலறியது.

டைல்ஸ் கடை முதலாளி எடுத்தார்.

"சார், போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன்." பெண் குரல். "சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உங்களுதா?"

"என் பையனோடது மேடம்! பதினெட்டாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தேன். ஐந்நூறு குதிரைத்திறன்! நாலே செகண்டுல நூறு கிலோமீட்டர்..."

"பெருமையை அப்புறம் கேக்கறேன். பைபாஸ்ல ஒருத்தர் அடிபட்டு ரத்த வெள்ளத்துல கிடந்திருக்கார். அங்க உங்க கார் நின்னதைப் பார்த்திருக்காங்க. நான் உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்கேன். அதுவரைக்கும் காரை யாரும் தொட வேண்டாம். அதுல இருக்கற..."

போனைத் துண்டித்தார்.

எதிராளி பேசும் வாக்கியத்தின் பின்பாதி முதலாளிக்கு என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. முன்பாதியிலேயே புரிந்துகொள்ளும் மேதை!

மகன் ஆளை இடித்துவிட்டான்!

போன மாதம்தான் வியாபாரிகள் சங்க மேடையில் அரைமணி நேரம் முழங்கியிருந்தார். 'பிள்ளைகளை நம்புங்கள்! விலை உயர்ந்த பொருளைக் கையில் கொடுத்தால்தான் பொறுப்பு வரும்!' பக்கத்து ஷோரூம்காரரின் மகனிடம் நானூறு குதிரைத்திறன் கார் இருந்தது என்ற சின்னக் காரணத்தை மட்டும் மேடையில் சொல்ல மறந்துவிட்டார்.

வீட்டுக்குப் பறந்தார்.

கராஜில் மகன் நின்றிருந்தான். சட்டை முழுக்க...

ரத்தம்!

"அப்பா! பைபாஸ்ல ஒருத்தரை..."

"வாயை மூடு!"

"இல்லப்பா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"எதுவும் சொல்லாதே! என்கிட்டகூடச் சொல்லாதே! நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்!"

ஐந்நூறு குதிரைகளை நம்பி ஒப்படைத்த அப்பா, ஒரு வாக்கியத்தை ஒப்படைக்கத் தயாராக இல்லை.

மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? இவன் சட்டையெல்லாம் ரத்தம். கேட்டா, அப்பா வரட்டும்னான்."

"நான் வந்துட்டேன்ல? ஒரு வாளித் தண்ணி கொண்டா. சுத்தியல் எங்க?"

"சுத்தியலா? எதுக்கு?"

"கேள்வி கேக்காதே! என் புள்ளை ஜெயிலுக்குப் போகணுமா?"

அவள் பதறிப்போய் இரண்டையும் கொண்டுவந்தாள்.

முதலாளி குனிந்து காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். சின்ன நசுங்கல்கூட இல்லை. ஒரு கீறல் இல்லை!

ஆளையே இடித்துத் தள்ளியிருக்கிறது... பெயின்ட் உதிரவில்லை! அந்த நெருக்கடியிலும் அவருக்குள் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது. கொடுத்த காசு வீண்போகவில்லை.

பின் சீட்டில் ரத்தம். ஆளை இடித்தால் ரத்தம் ஏன் உள்ளே வந்தது என்று சாதாரண மூளை யோசித்திருக்கும். இவருடையது சாதாரண மூளை இல்லையே! தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அப்புறம்தான் அதைப் பார்த்தார்.

முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா! சிவப்புப் புள்ளி மினுக்கியது.

"அப்பா, அதைத் தொடாதீங்க! அது..."

"நீ தள்ளு!"

ணங்!

கேமரா சிதறியது. முன் கண்ணாடி இலவச இணைப்பாக உடைந்தது.

"சாட்சி காலி!" மூச்சு வாங்கினார். "இனி கடவுளே வந்து கேட்டாலும்..."

வாசலில் ஜீப் வந்து நின்றது.

கடவுள் வரவில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கி உள்ளே வந்தாள்.

"காரை ஓட்டினது யாரு?"

மகன் வாயைத் திறந்தான். முதலாளி அவனை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான் மேடம்! என் பையன் காரைத் தொடவே இல்ல. என்ன தண்டனையா இருந்தாலும் எனக்குக் குடுங்க!"

"தண்டனையா?" இன்ஸ்பெக்டர் சிரித்தாள். "சார், கையைக் குடுங்க! ஒரு வேன் அவரை இடிச்சுப் போட்டுட்டு ஓடிடுச்சு. பின்னால வந்த அம்பது பேரு வேடிக்கை பார்த்துட்டுப் போனாங்க. உங்க கார் ஒண்ணுதான் நின்னுச்சு. தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்க. பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கார் நம்பரைக் குறிச்சு வெச்சிருந்தார்."

முதலாளி இரண்டு முறை கண் சிமிட்டினார்.

மூன்றாவது சிமிட்டலில் தியாகி மறைந்து வீரர் பிறந்தார்.

"ஏதோ... மனுஷனுக்கு மனுஷன் செய்யற உதவிதானே மேடம்! பேப்பர்ல போட்டோ வருமா?"

"ஏங்க!" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கண்டிப்பா வரும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "முதல்ல, கார் கண்ணாடியில கேமரா இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னாரே, அதைக் குடுங்க. வேன் நம்பரை யாருமே பார்க்கல. இந்தக் கேஸுக்கு இருக்கற ஒரே சாட்சி அதுதான். போன்ல அதைச் சொல்றதுக்குள்ள வெச்சுட்டீங்க."

முதலாளியின் பார்வை மெல்லக் கீழே போனது.

வீரரின் காலடியில் 'ஒரே சாட்சி' நாற்பது துண்டுகளாகக் கிடந்தது.

"மேடம்," என்றான் மகன். "இப்பவாவது நான் பேசலாமா?"

"பேசு தம்பி."

"கார் ஓட்டினது நான்தான். அந்தக் கேமரா எடுக்கறது எல்லாம் அப்பவே என் போனுக்கும் வந்துடும். இந்தாங்க, வேன் நம்பர். தெளிவா இருக்கு."

இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்தாள். வயர்லெஸ்ஸில் நம்பரைச் சொன்னாள்.

"பிரமாதம்! வேன்காரன் தொலைஞ்சான்!"

முதலாளிக்கு உயிர் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா மேடம்! என் வளர்ப்பு! நம்பிக் குடுத்தா பொறுப்பு தானா வரும்னு அன்னிக்கே..."

"ஒரு நிமிஷம். அடுத்து இன்னொரு வீடியோ இருக்கே?"

போனைத் திருப்பிக் காட்டினாள்.

திரை நிறைய முதலாளியின் முகம். உயர்த்திய சுத்தியல். 'நீ தள்ளு' என்ற குரல்கூடத் துல்லியம்.

"சாட்சியத்தை அழிச்சது ஒண்ணு, போலீஸ்கிட்ட பொய் சொன்னது ஒண்ணு. ஜீப்புல ஏறுங்க சார்."

"மேடம்... புள்ளைப் பாசம்..."

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க."

ஜீப்பின் கதவு சாத்தப்பட்டது.

மனைவி அருகில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"பதினெட்டு வயசுக்காரன் கையில கார் குடுக்கலாமான்னு இந்த வீட்டுல ஆறு மாசம் சண்டை நடந்துச்சு மேடம். அம்பது வயசுக்காரர் கையில சுத்தியல் குடுக்கலாமான்னு ஒருத்தருக்கும் தோணலையே!"